ஹெச்.எல். டாரியின் வளையங்கள்: பார்த்தது எது, கணித்தது எது

பீடோரிலிருந்து எழுதியிருக்கும் நண்பருக்கு வணக்கம். ஹெச்.எல். டாரி என்ற இளம் விண்மீனைச் சுற்றி ஆரஞ்சு நிற வளையங்கள் தெரியும் அந்தப் புகழ்பெற்ற படம் உண்மையான புகைப்படம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே மூச்சில், இந்த விண்மீன்கள் தம்மைச் சுற்றியுள்ள பொருளை விழுங்கி வளர்கின்றன என்கிறார்களே, அதை யார் பார்த்தார்கள் என்றும், தோட்டத்து வீட்டு வாசலில் வைத்திருக்கும் உங்கள் 8 அங்குலத் தொலைநோக்கியில் இவற்றில் ஏதாவது தெரியுமா என்றும் கேட்கிறீர்கள். மூன்றும் வேறு வேறு கேள்விகள்போலத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இளம் விண்மீனைச் சுற்றித் தட்டையாகப் பரந்து சுழலும் வாயுவும் தூசும் கொண்ட ஒரு வட்டைப் "பார்த்தோம்" என்று வானியலாளர்கள் சொல்லும்போது அவர்கள் கையில் உண்மையில் என்ன இருக்கிறது? அதற்கு விடை சொன்னால் மற்ற இரண்டும் தாமே தெளிவாகிவிடும் என்று நினைக்கிறேன்.

என் தகுதியையும் அதன் எல்லையையும் முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிப்பவன். ஆசிரியப் பணிக்கு வருமுன் இளம் விண்மீன்களின் நிறமாலைகளை, அதாவது அவற்றின் ஒளியை நிறம்நிறமாகப் பிரித்த பதிவுகளை, ஆராய்ந்து முதுகலைப் பட்டம் பெற்றேன். அந்தத் துறைக் கட்டுரைகளைப் படிக்கும் பழக்கம் இன்றும் தொடர்கிறது. ஆகவே நிறமாலையைப் பற்றி நான் சொல்வதைக் கைப்பழக்கத்திலிருந்து வருவதாகக் கொள்ளலாம். ரேடியோ அலைகளிலிருந்து படம் உருவாக்கும் கலையைப் படித்து அறிந்தவனே அன்றிச் செய்து அறிந்தவன் அல்லன். வட்டுக்குள் வாயு எப்படிச் சுழித்து ஓடுகிறது என்பதைக் கணினியில் கணிப்பவர்கள் தமக்குள் வாதிடும்போது, யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

ஹெச்.எல். டாரி ரிஷப மண்டலத்தில், ரோகிணி விண்மீனுக்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகை தள்ளி இருக்கிறது. நமக்கும் அதற்கும் இடையே சுமார் 450 ஒளியாண்டுத் தொலைவு. அதன் வயது 10 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் இருக்காது என்றே கருதப்படுகிறது. 460 கோடி ஆண்டு வயதான நம் சூரியனுக்கு முன்னால் அது பிறந்த குழந்தை. நீங்கள் குறிப்பிடும் படம் 2014ஆம் ஆண்டில் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், கடல்மட்டத்துக்கு 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள அல்மா தொலைநோக்கியால் எடுக்கப்பட்டது. அல்மா ஒற்றைத் தொலைநோக்கி அன்று. 66 ரேடியோ வாங்கிகளின் கூட்டம். அந்த அவதானிப்பில் வாங்கிகள் 15 கிலோமீட்டர்வரை பரப்பி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வோர் இணை வாங்கிக்கும் வந்து சேரும் அலைகளைத் தமக்குள் ஒப்பிட்டு, வானத்தில் அந்த ஒளி எப்படிப் பரவியிருந்தால் இத்தகைய ஒப்பீடுகள் கிடைக்கும் என்று கணினி பின்னோக்கிக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கின் விடைதான் படம். அலைநீளம் சுமார் ஒரு மில்லிமீட்டர் என்பதால் அதற்கு நிறம் என்று எதுவும் கிடையாது. ஆரஞ்சும் மஞ்சளும் நம் கண்ணுக்காகப் பூசப்பட்டவை, எங்கே கதிர்வீச்சு வலுவாக உள்ளது என்பதைக் காட்டுபவை. ஆனால் இதனால் "கணினி வரைந்த கற்பனை" என்று யாராவது சொன்னால் அது தவறு. அந்த வளையங்களும் இடையிலுள்ள இருண்ட இடைவெளிகளும் வெவ்வேறு அலைநீளங்களில் தனித்தனியே எடுத்தபோதும் அதே இடங்களில் தெரிந்தன. இது ஐயமற்ற பகுதி.

இந்த வட்டு உங்கள் தொலைநோக்கியில் தெரியாததற்கு அது மிகச் சிறியது என்பதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். வட்டின் விட்டம் பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவைப்போல் 200 மடங்குக்கு மேல். 450 ஒளியாண்டு தள்ளி நின்று பார்க்கும்போது அது ஏறத்தாழ ஒன்றரை விகலை அகலம், அதாவது ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் அதில் ஒன்றரைக் கூறு. 8 அங்குல ஆடியின் கோட்பாட்டுப் பிரிதிறன் சுமார் 0.6 விகலை. ஆக, காற்று அசையாதிருந்தால் அந்த அளவை உங்கள் கருவி பிரித்தறியக்கூடும்; வளையங்களை அல்ல, நீண்டு பரந்திருக்கும் ஒரு வடிவத்தையாவது. சிக்கல் வெளிச்சத்தில் இருக்கிறது. வட்டின் வெளிப்பகுதித் தூசு ஏறக்குறைய மைனஸ் 250 பாகை செல்சியஸ் குளிரில் கிடக்கிறது. அவ்வளவு குளிர்ந்த பொருள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிறிதும் உமிழாது. விண்மீனின் ஒளியைச் சிதறடித்து மட்டுமே அது நமக்குத் தெரிய முடியும், அந்தச் சிதறல் ஒளியோ பெரும்பாலும் விண்மீனின் ஒளியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. செம்பனை ஆலையின் வாசலில் எரியும் பெருவிளக்கைச் சுற்றி மிதக்கும் தூசியை அரை மைல் தள்ளி நின்று பார்க்க முயல்வதற்கு இது ஒப்பு. ஹெச்.எல். டாரியின் விஷயத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு: விண்மீனே தூசு உறைக்குள் மறைந்திருக்கிறது. கண்ணுறு ஒளியில் அந்த இடத்தில் தெரியும் 15ஆம் பொலிவெண் (எண் கூடினால் வெளிச்சம் குறைவு) அளவிலான மங்கல் புள்ளி உறையில் பட்டுச் சிதறி வரும் ஒளிதான்.

சரி, மில்லிமீட்டர் அலையை ஏன் சிலிவரை போய்ப் பிடிக்க வேண்டும்? நம் ஊரில் ஒரு தட்டு வைத்தால் ஆகாதா? ஆகாது. மழைக்காலமோ வெயிற்காலமோ, மலாயாத் தீபகற்பத்தின் தாழ்நிலத்தில் நம் தலைக்குமேல் உள்ள நீராவி முழுவதையும் ஒடுக்கித் தண்ணீராக்கினால் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிற்கும். அட்டகாமா மேட்டுநிலத்தில் அது சராசரியாக ஒரு மில்லிமீட்டர் அளவுதான். குறுகிய மில்லிமீட்டர் அலைகளை நீராவி விழுங்கிவிடும் என்பதால், இந்தத் துறையில் காசைக் கொட்டினாலும் நம் நாட்டில் செய்ய முடியாத வேலை இது. சில அவதானிப்புகளுக்குப் புவியியலே விதி.

படம் உண்மைதான் என்றால், அது எதன் படம்? என் பார்வையில் உங்கள் கேள்வியின் மையம் இதுதான். பொதுமக்களுக்கான கட்டுரைகள் விரைந்து தாண்டிவிடும் இடமும் இதுதான். அந்தப் படத்தில் இருப்பது வட்டு முழுவதும் அன்று. ஒரு துகள் தன் அளவை ஒத்த அலைநீளத்தில்தான் திறமையாகக் கதிர்வீசும். ஆகவே மில்லிமீட்டர் அலை காட்டுவது பெரும்பாலும் மணல்பருக்கை அளவிலான துகள்களை, அவையும் வட்டின் நடுத்தளத்தில் படிந்து கிடப்பவற்றை. அதே வட்டை அகச்சிவப்பில் பார்த்தால் வேறு காட்சி வரும். சிலியின் பரனால் மலையில் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றில் ஸ்பியர் என்ற கருவி இருக்கிறது; அது விண்மீனை மறைத்து, தூசியில் பட்டுச் சிதறியதால் முனைவாக்கம் பெற்ற, அதாவது ஒரே திசையில் அதிரும், ஒளியை மட்டும் பிரித்தெடுக்கிறது. அதில் தெரிவது வட்டின் மேற்பரப்பில் வாயுவோடு மிதக்கும், புகைத்துகள் அளவிலான நுண்தூசு. மூன்றாவதாக, கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு உமிழும் குறிப்பிட்ட அலைநீளங்களில் பார்த்தால் வாயு தெரியும். வாயு எந்த வேகத்தில் சுற்றுகிறது என்பதும் அலைநீள நகர்விலிருந்து தெரியும். வட்டின் திணிவில் பெரும்பங்கு ஹைட்ரஜன் மூலக்கூறுதான், ஆனால் குளிர்ந்த நிலையில் அது கிட்டத்தட்ட ஒன்றுமே உமிழாது. இருப்பதில் மிக அதிகமானது காட்சியில் வராது. சிறுபான்மையாக உள்ள கார்பன் மோனாக்சைடைச் சாட்சியாக வைத்து அதை மதிப்பிட வேண்டியிருக்கிறது.

இந்த மூன்று காட்சிகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்பதே சுவையானது. நமக்கு மிக அருகில், சுமார் 195 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள டி.டபிள்யூ. ஹைட்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வட்டு ஏறக்குறைய நம்மை நேராகப் பார்த்தபடி இருப்பதால் அளப்பது எளிது. அங்கே பெருந்துகள்களின் வட்டு பூமி–சூரியத் தொலைவைப்போல் 60, 70 மடங்கு ஆரத்தில் முடிந்துவிடுகிறது. வாயுவோ 200 மடங்கையும் தாண்டிப் பரவியிருக்கிறது. காரணம் ஓரளவு புரிந்ததே. வாயுவுக்குத் தன் அழுத்தத்தின் தாங்கல் இருப்பதால், அது அதே தொலைவில் சுற்றும் திடத்துகளைவிடச் சற்று மெதுவாகச் சுற்றினாலே போதும். துகளுக்கு அந்த வாயு எதிர்க்காற்றாகப் படுகிறது; வேகம் குறைந்து மெல்ல உள்நோக்கிச் சுருண்டு செல்கிறது. புகை அளவிலான தூசு வாயுவோடு ஒட்டிப் போவதால் தப்பிவிடும், பெருங்கற்கள் காற்றைப் பொருட்படுத்தா. இடைப்பட்ட அளவுதான் அடிபடும். 1977ஆம் ஆண்டிலேயே வைடன்ஷில்லிங் என்பவர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். கணக்கின்படி அந்தத் துகள்கள் மிக விரைவில் விண்மீனுக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், கோள் உருவாக ஒன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது. வளையங்கள் இந்த முடிச்சை அவிழ்க்கும் வழியாக இருக்கலாம்: வாயுவின் அழுத்தம் எங்கேனும் ஓரிடத்தில் மேடிட்டால் துகள்கள் அங்கே தேங்கி நிற்கும். ஆகவே ஹெச்.எல். டாரி படத்தின் வளையம் ஒவ்வொன்றும் துகள் தேங்கிய இடத்தைக் காட்டுகிறது என்பது வலுவான கருத்து. இருண்ட இடைவெளி வெற்றிடம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்; அங்கே வாயு இருக்கக்கூடும், பல வட்டுகளில் இருக்கவும் செய்கிறது.

படமே இல்லாத காலத்தில் வட்டு இருப்பதை எப்படி அறிந்தார்கள் என்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். என் சொந்தத் துறை என்பதால் மட்டும் அன்று, அந்தத் தர்க்கம் இன்றும் படங்களைவிட எனக்கு அழகாகத் தெரிகிறது. இவ்வகை விண்மீன்களுக்குப் பெயர்தந்த டி டாரியை 1852இல் ஜான் ரசல் ஹிண்ட் கண்டுபிடித்தார். அதுபோல் ஒழுங்கின்றி ஒளி மாறும், நிறமாலையில் பிரகாசமான கோடுகள் கொண்ட விண்மீன்களை ஆல்ஃபிரட் ஜாய் 1945இல் ஒரே வகையாகத் தொகுத்தார். அவை இளமையானவை என்று ஆர்மீனிய வானியலாளர் அம்பார்ட்சூமியான் சில ஆண்டுகளுக்குள் வாதிட்டார். 1966இல் மென்டோசா என்ற வானியலாளர் இவற்றை அகச்சிவப்பில் அளந்தபோது, விண்மீனின் வெப்பநிலைக்கு வரவேண்டியதைவிட மிக அதிகமான அகச்சிவப்புக் கதிர் வருவதைக் கண்டார். 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் இன்னும் நீண்ட அலைநீளங்களில் அதையே உறுதிசெய்தது. வெதுவெதுப்பான தூசு விண்மீனைச் சுற்றி இருந்தாக வேண்டும். அந்தத் தூசு எந்த வடிவத்தில் இருக்கிறது? மில்லிமீட்டர் அலையில் அளந்த தூசின் அளவை விண்மீனைச் சுற்றிக் கோளமாகப் பரப்பினால், அதன் வழியே விண்மீன் ஒளி வெளியே வரவே முடியாது. விண்மீனோ நன்றாகத் தெரிகிறது. ஆகவே தூசு ஒரே தளத்தில் தட்டையாக இருக்கிறது, நாம் பார்க்கும் திசை அந்தத் தளத்தில் இல்லை.

இரண்டாவது சான்று இன்னும் நுட்பமானது. இவ்விண்மீன்களிலிருந்து வாயு இரு திசையிலும் பீறிட்டு வெளியேறுகிறது. நம்மை நோக்கி வருவதன் ஒளி நீலப்பக்கமும், விலகிப் போவதன் ஒளி சிவப்புப்பக்கமும் நகர வேண்டும். ஆக்சிஜன் அணு 630 நானோமீட்டரில் உமிழும் கோட்டை 1980களில் கவனமாக அளந்தபோது, பெரும்பாலான விண்மீன்களில் நீலப்பக்கம் நகர்ந்த பகுதி மட்டுமே தெரிந்தது. விலகிப் போகும் பாதி எங்கே? நமக்கும் அதற்கும் இடையே ஒளிபுகாத அகன்ற தட்டு ஒன்று நின்று மறைக்கிறது என்பதைத் தவிர எளிய விளக்கம் கிடைக்கவில்லை. யாரும் வட்டைப் படமெடுக்குமுன்பே, வராத ஒளியைக் கொண்டு அதன் இருப்பும், அது குறைந்தது எவ்வளவு அகலம் என்பதும் கணிக்கப்பட்டுவிட்டன. 1990களில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி ஓரியன் நெபுலாவின் பிரகாசமான பின்னணியில் கறுப்பு நிழல்களாக இந்த வட்டுகளைக் காட்டியபோது துறையில் இருந்தவர்கள் மகிழ்ந்தார்கள், ஆனால் திடுக்கிடவில்லை.

இனி, விண்மீன் பொருளை விழுங்குவதை யார் பார்த்தார்கள் என்ற கேள்வி. படமாக யாரும் பார்க்கவில்லை. நிகழ்வு முழுவதும் விண்மீனின் ஆரத்தைப்போல் சில மடங்கு தொலைவுக்குள் முடிந்துவிடுகிறது, ஹெச்.எல். டாரி படத்தில் அல்மாவின் நுட்பம் 5 பூமி–சூரியத் தொலைவு அளவில் நின்றுவிடுகிறது, இதுவோ அதில் நூற்றில் ஒரு பங்கு அளவிலான இடம். நமக்கு இருப்பது நிறமாலைச் சான்று, அது வலுவானது. இளம் விண்மீனுக்கு ஆயிரம் காஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) அல்லது அதற்கும் மேற்பட்ட காந்தப்புலம் உண்டு, இது அளந்தறியப்பட்டது. அந்தப் புலம் வட்டின் உள்விளிம்பை விண்மீனின் ஆரத்தைப்போல் 5 மடங்கு அளவான தொலைவில் தடுத்து நிறுத்துகிறது. அங்கிருந்து வாயு காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டு வளைந்து, விண்மீனின் துருவங்களுக்கு அருகே நொடிக்கு 300 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் விழுகிறது. விழுந்த இடம் சூடேறிப் புற ஊதா ஒளியை மிகுதியாக உமிழ்கிறது. அந்த மிகையொளி விண்மீனின் சொந்த நிறமாலையில் உள்ள கருங்கோடுகளை வெளிறச் செய்கிறது. விழும் வாயு 656.3 நானோமீட்டரில் ஹைட்ரஜன் கோட்டை மிக அகலமாக, பிரகாசமாகக் காட்டுகிறது. சில விண்மீன்களில் அதன் உடன்பிறப்பான மற்ற ஹைட்ரஜன் கோடுகளின் சிவப்புப்பக்கத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. நம்மைவிட்டு விலகி, விண்மீனை நோக்கி, விழுவேகத்திலேயே போகும் வாயு நம் பார்வைக்கோட்டில் நிற்கிறது என்பதற்கு அந்தப் பள்ளத்தைவிட நேரடியான சான்று வேறில்லை. இதே கோடுகளை ஆய்வுக்கூடத்தில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் இரவில் எடுத்த கோட்டின் வடிவம் மறுநாள் இரவில் அப்படியே இருக்காது. விண்மீன் சுழல்கிறது, வாயு சீராக விழுவதும் இல்லை.

எவ்வளவு விழுகிறது? மிகையான புற ஊதா ஒளியின் ஆற்றலை விழுவதால் கிடைக்கும் ஆற்றலோடு சமன்செய்தால் விடை வரும். சூரியனை ஒத்த இளம் விண்மீனுக்கு, ஆண்டுக்குச் சூரியத் திணிவில் 10 கோடியில் ஒரு பங்கு என்பது வழக்கமான மதிப்பு. கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் நான்கு ஆண்டுக்குள் நம் நிலவின் திணிவு முழுவதும், 300 ஆண்டுகளில் பூமியின் திணிவு முழுவதும் உள்ளே போய்விடும் வேகம் அது. வட்டில் சூரியத் திணிவின் நூற்றில் ஒரு பங்கு இருப்பதாகக் கொண்டால், இந்த வேகத்தில் 10 லட்சம் ஆண்டுகளில் தீர்ந்துவிட வேண்டும். இளம் விண்மீன் கூட்டங்களை எண்ணிப் பார்த்ததில், ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகளுக்குள் பாதி விண்மீன்கள் வட்டை இழந்துவிடுகின்றன. தனித்தனி வழிகளில் வந்த இரு மதிப்புகளும் ஒரே அளவுவரிசையில் இருப்பது தற்செயல் அன்று என்பது என் கருத்து.

ஐயத்துக்கு உரியவற்றையும் சொல்ல வேண்டும். மேலே "சூரியத் திணிவின் நூற்றில் ஒரு பங்கு" என்றேனே, அது பலவீனமான எண். மில்லிமீட்டர் ஒளியிலிருந்து தூசின் திணிவைப் பெற, ஒரு கிராம் தூசு எவ்வளவு ஒளிரும் என்று அனுமானிக்க வேண்டும். துகளின் அளவும் வேதிப்பொருளும் தெரியாமல் அதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. தூசிலிருந்து வாயுவுக்குப் போக, விண்மீன்களுக்கிடையிலான வெளியில் உள்ளதுபோல் வாயு 100 மடங்கு என்று வைத்துக்கொள்கிறார்கள். முன்னே சொன்னபடி துகள்கள் உள்நோக்கி நகர்ந்த வட்டில் அந்த விகிதம் மாறியிருக்கும். பத்திரிகைகளில் தனி விண்மீனுக்கு "12 லட்சம் ஆண்டு வயது" என்றெல்லாம் வருவதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இரு மடங்கு பிசகு இந்த வயதில் சாதாரணம். வட்டிலுள்ள வாயு ஏன் உள்நோக்கி நகர்கிறது என்ற அடிப்படைக் கேள்விக்கே முடிவான பதில் இல்லை. காந்தப்புலம் தூண்டும் கொந்தளிப்பு காரணம் என்று 1990களிலிருந்து நம்பப்பட்டது; அண்மைக் காலத்தில், காந்தப்புலத்தால் வட்டிலிருந்து கிளம்பும் காற்று சுழற்சியை எடுத்துச்செல்கிறது என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது. இங்கேதான் நான் பார்வையாளன் மட்டுமே என்று தொடக்கத்தில் சொன்னது.

வளையங்களைக் கோள்கள் வெட்டின என்று அடித்துச் சொல்பவர்களிடமும் சற்று எச்சரிக்கையாக இருங்கள். ஐயமின்றிக் காட்டக்கூடிய உதாரணம் பி.டி.எஸ். 70. சுமார் 370 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அந்த விண்மீனின் வட்டில் அகன்ற இடைவெளி இருக்கிறது; அதற்குள் ஒரு கோள் 2018இலும் மற்றொன்று 2019இலும் அறிவிக்கப்பட்டன. அவ்விரு கோள்களிலிருந்தும் அதே 656.3 நானோமீட்டர் ஒளி வருகிறது: விண்மீன் மட்டுமல்ல, கோளும் பொருளை வாரிக்கொண்டிருக்கிறது. ஆனால் வளையம் கொண்ட வட்டுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இப்படி நேரடியாகக் கண்ட கோள்கள் மிகச் சிலவே. ஹெச்.எல். டாரியிலேயே, இடைவெளிகளில் கோள் இருப்பதாக நிறுவப்படவில்லை. நீர், கார்பன் மோனாக்சைடு போன்றவை உறையும் எல்லைகள், காந்தப்புலத்தின் விளைவுகள் என வேறு விளக்கங்களும் களத்தில் நிற்கின்றன. பல இடைவெளிகள் கோள்களால்தான் என்றே நானும் எண்ணுகிறேன், ஆனால் எண்ணுவது வேறு, காட்டுவது வேறு.

உங்கள் வீட்டு வாசலுக்கு வருவோம். பீடோர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 4 பாகையில் இருப்பதால் ரிஷபமும் ஓரியனும் ஏறக்குறைய தலைக்குமேல் போகின்றன. ஐரோப்பியருக்குக் கிடைக்காத வசதி இது. டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை அவை மாலை வானில் உயர்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையைத் தித்திவங்சா மலைத்தொடர் ஓரளவு தடுத்துக்கொள்வதால், ஆண்டுத் தொடக்கத்தில் நம் பக்கத்தில் சில தெளிந்த இரவுகள் கிடைக்கும். புகைமூட்டத் தொல்லையும் அப்போது குறைவு. டி டாரியை ரிஷபத்தின் எப்சிலான் விண்மீனுக்கு மேற்கே ஒன்றரைப் பாகை தள்ளித் தேடுங்கள். 10ஆம் பொலிவெண் அளவில் இருக்கும், உங்கள் கருவிக்குச் சிரமமே இல்லை. பார்வைக்கு அது வெறும் புள்ளிதான். ஓரியனில் உள்ள எஃப்.யு. ஓரியானிஸும் அதே அளவில் தெரியும். அந்தப் புள்ளிக்கு ஒரு வரலாறு உண்டு. 1936இல் 16ஆம் பொலிவெண்ணில் கிடந்த அது சில மாதங்களில் இருநூறு மடங்குக்கு மேல் பிரகாசமாகி, இன்றுவரை பெருமளவு அப்படியே நிற்கிறது. வட்டிலிருந்து பொருள் திடீரெனப் பெருவெள்ளமாக விழத் தொடங்கியதே காரணம். நீங்கள் அங்கே காணும் வெளிச்சத்தில் பெரும்பகுதி விண்மீனுடையது அன்று, சூடேறிய வட்டினுடையது. வட்டின் ஒளியைச் சொந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் அதைப் பாருங்கள்.

வடிவத்தோடு ஏதாவது வேண்டும் என்றால் என்.ஜி.சி. 2261 என்ற ஹபிளின் மாறும் நெபுலா. மோனோசெரோஸ் மண்டலத்தின் 15ஆம் எண் விண்மீனுக்குத் தெற்கே, சற்றே மேற்காக, ஒரு பாகைக்குக் கொஞ்சம் கூடுதலான தொலைவில் இருக்கிறது. 100 மடங்கு உருப்பெருக்கத்தில் வால்மீன்போன்ற சிறிய விசிறி தெரியும். அதன் தெற்கு முனையில் ஆர் மோனோசெரோட்டிஸ் என்ற, சூரியனைவிடப் பெருந்திணிவுள்ள இளம் விண்மீன் தூசுக்குள் மறைந்திருக்கிறது. விண்மீனுக்கு மிக அருகில் நகரும் தூசு மேகங்கள் விசிறியின்மேல் நிழலை வீசுவதால் அதன் தோற்றம் வாரங்களில் மாறுகிறது. 1916இல் எட்வின் ஹபிள் இந்த மாற்றத்தை அறிவித்தார். ஒரே அமைப்பில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை படமெடுத்து அடுக்கினால், விண்மீனருகே தூசு நகர்வதன் தடயத்தை ஒரு பருவத்துக்குள்ளேயே உங்கள் கையால் பதிவு செய்துவிடலாம். ஒரு நடைமுறைக் குறிப்பு: அது உச்சியைக் கடக்கும் வேளையில் கிடையாகவும் மேல்கீழாகவும் மட்டும் திரும்பும் டாப்சோனியன் தாங்கியில் தொலைநோக்கியைத் திருப்புவது பெரும்பாடு, ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாகவே பாருங்கள். நம் ஊர்ப் பனிக்கு இரண்டாம் ஆடி விரைவில் வியர்த்துவிடும், சிறு சூடாக்கி ஒன்று இருப்பது நல்லது. ஆலை விளக்குகள் இருக்கும் திசையைத் தவிர்ப்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேமரா இருந்தால் இன்னும் பயனுள்ள வேலை உண்டு. 2004 ஜனவரியில் ஜே மெக்நீல் என்ற அமெரிக்க ஆர்வலர் 3 அங்குலத் தொலைநோக்கியால் தன் வீட்டிலிருந்து எடுத்த படத்தில், ஓரியனின் எம் 78 நெபுலா அருகே முன்பு இல்லாத ஒளித்திட்டு ஒன்றைக் கவனித்தார். வட்டுப் பொருள் பெருக்கெடுத்து விழுந்த இளம் விண்மீன் அது. பெருந்தொலைநோக்கிகள் ஒரே இடத்தை இரவுதோறும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, உங்களால் முடியும். தொலைநோக்கியில் திருகிப் பொருத்தும், ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் சிறிய கீற்றணி ஒன்றும் வாங்கினால், டி டாரியின் 656.3 நானோமீட்டர்க் கோடு சிவப்புப் பகுதியில் ஒளிப்புள்ளியாகத் துருத்தி நிற்பதைப் பதிவு செய்யலாம். கோட்டின் அகலத்தையோ சிவப்புப்பக்கப் பள்ளத்தையோ அதில் எதிர்பார்க்க வேண்டாம், அதற்கு உயர்நுட்ப நிறமாலைமானி வேண்டும். வெறும் ஒளியளவை மட்டும் எடுப்பதானால், 1911 முதல் இயங்கும் அமெரிக்க மாறுவிண்மீன் நோக்குநர் சங்கத்தின் ஒப்பீட்டு வரைபடங்களைப் பயன்படுத்தி அங்கேயே பதியலாம். அனுப்பும்போது நம் நேரத்திலிருந்து 8 மணி நேரத்தைக் குறைத்து உலக நேரத்தில் எழுதுங்கள். நள்ளிரவுக்குப் பின் காலை 8 மணிவரை எடுத்த எதுவும் உலகக் கணக்கில் முந்தைய தேதியில் சேரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.